பயணக் காப்பீடும் மதுவும்: பாலிசியில் நாம் படிக்காத அந்த ஒரு வரி



இன்சீனில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளில் பலர் இன்று சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து என்று வேலைக்கும் படிப்புக்கும் போயிருக்கிறார்கள். திங்யான் தண்ணீர்த் திருவிழா விடுமுறை வந்தால் சிலர் பாட்டி தாத்தாவைப் பார்க்க ஊருக்கு வருகிறார்கள். சிலர் நண்பர்களோடு புக்கெட், பாலி என்று கடற்கரை ஊர்களில் கூடுகிறார்கள். விமான டிக்கெட் எடுக்கும்போதே பயணக் காப்பீடும் எடுத்துவிடுகிறார்கள். "இன்சூரன்ஸ் இருக்கிறது, கவலையில்லை" என்று பெற்றோரும் நிம்மதியாக இருக்கிறோம்.

ஆனால் பெரும்பாலான பயணக் காப்பீட்டுப் பாலிசிகளில் மதுவைப் பற்றி ஒரு விலக்கு உண்டு. மது அருந்தியதால் வந்த விபத்துக்கும் நோய்க்கும் பணம் தரப்படாது என்பதே அது. வெளிநாட்டில் அறுவை சிகிச்சை, தீவிர சிகிச்சைப் பிரிவு, நோயாளியை விமானத்தில் கொண்டுவருவது எல்லாம் ஒரு குடும்பத்தின் பல வருடச் சேமிப்பை விழுங்கிவிடும். மேலும் இன்சீனில் இருந்துகொண்டு வெளிநாட்டு மருத்துவமனைக்கு அவசரமாக டாலர் அனுப்புவது எவ்வளவு சிரமம் என்று நமக்குத் தெரியும். எனவே இந்த விலக்கைப் பற்றியும், அதற்கும் நம் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றியும் இந்த இதழில் பார்ப்போம்.

விலக்கு எப்படி எழுதப்பட்டிருக்கும்?

மியன்மாரில் 2013 வரை அரசு நிறுவனமான மியன்மா இன்சூரன்ஸ் மட்டுமே காப்பீடு வழங்கி வந்தது. அதன் பிறகுதான் தனியார் நிறுவனங்கள் வந்தன. அதனால் பாலிசியை வரிவரியாகப் படிக்கும் பழக்கம் நம் வீடுகளில் குறைவு. மது பற்றிய விலக்கு பொதுவாக மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும்.

1. மது காரணமாக ஏற்பட்ட பாதிப்புக்குப் பணம் இல்லை.
2. மதுவின் ஆதிக்கத்தில் இருக்கும்போது ஏற்பட்ட பாதிப்புக்குப் பணம் இல்லை.
3. இரத்தத்தில் மதுவின் அளவு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டியிருந்தால் பணம் இல்லை.

மூன்றும் ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் ஒன்றல்ல. ஓர் இளைஞர் இரண்டு பீர் குடித்துவிட்டுச் சாலையோரக் கடையில் உட்கார்ந்திருக்கிறார். கட்டுப்பாட்டை இழந்த ஒரு வேன் வந்து மோதுகிறது. முதல் வகைப் பாலிசி என்றால், விபத்துக்கு மது காரணமில்லை என்று வாதாட அவருக்கு நல்ல இடம் உண்டு. இரண்டாம், மூன்றாம் வகைகளில் அவர் மீது தவறே இல்லாவிட்டாலும் நிறுவனம் மறுக்கப் பார்க்கலாம். ஆகவே "மது" என்ற சொல்லைப் பார்த்தவுடன் நிறுத்திவிடாமல், அதைச் சுற்றியுள்ள சொற்களையும் படிக்க வேண்டும்.

நீதிமன்றம் என்ன சொன்னது?

இந்திய உச்ச நீதிமன்றம் 2021-இல் அடுத்தடுத்த மாதங்களில் இரண்டு தீர்ப்புகள் வழங்கியது. அவை பயணக் காப்பீடு பற்றியவை அல்ல. ஆனால் நமக்குப் பாடமாக உள்ளவை.

மார்ச் மாதத் தீர்ப்பு, 1997-இல் இமாசலப் பிரதேசத்தில் இறந்த ஒரு காவலாளியைப் பற்றியது. அளவுக்கு மீறிக் குடித்திருந்த அவருக்கு, வயிற்றிலிருந்து மேலே வந்த உணவு மூச்சுக்குழாயை அடைத்து உயிர் போயிற்று. இது விபத்தால் வந்த மரணம் அல்ல, ஆகவே விபத்துக் காப்பீட்டில் பணம் கிடையாது என்று நீதிமன்றம் கூறிவிட்டது.

ஏப்ரல் மாதத் தீர்ப்பு, 2007-இல் டெல்லியில் நடந்த ஒரு கார் விபத்தைப் பற்றியது. ஓட்டியவருக்கு மூச்சுப் பரிசோதனையோ இரத்தப் பரிசோதனையோ செய்யப்பட்டதற்கான முடிவு இல்லை. ஆனாலும் மருத்துவ அறிக்கையில் மது வாடை குறிப்பிடப்பட்டிருந்தது. விபத்து நடந்த விதத்தையும் சேர்த்துப் பார்த்து, காப்பீட்டு நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பானது. "டெஸ்ட் எடுக்கவில்லை, அதனால் தப்பித்தோம்" என்று நினைப்பது சரியல்ல என்பது இதிலிருந்து தெரிகிறது.

எவ்வளவு குடித்தால் வரம்பு தாண்டும்?

வாகனம் ஓட்டுவோருக்கான சட்ட வரம்பு நாட்டுக்கு நாடு வேறு. 100 மில்லி இரத்தத்தில் சிங்கப்பூரில் 80 மில்லிகிராம், மலேசியாவில் 2020 முதல் 50, தாய்லாந்தில் 50, இந்தியாவில் 30. தாய்லாந்தில் 20 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வரம்பு 20 மட்டுமே.

5 சதவீத மது உள்ள ஒரு பெரிய பாட்டில் பீரில் (640 மில்லி) சுமார் 25 கிராம் மது இருக்கிறது. 60 கிலோ எடையுள்ள ஆண் இரண்டு மணி நேரத்தில் இரண்டு பாட்டில் குடித்தால், அளவு ஏறக்குறைய 90-ஐத் தொட்டுவிடலாம். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரே பாட்டிலில் 70-க்கு மேல் போகலாம். ஏறிய அளவு மணிக்குச் சுமார் 15 முதல் 20 மில்லிகிராம் வரைதான் இறங்கும். எலுமிச்சைச் சாறு, காபி, குளிர்ந்த நீரில் குளியல் எதுவும் இதை வேகப்படுத்தாது. நள்ளிரவு வரை குடித்தவர் காலையில் வண்டி எடுக்கும்போதும் வரம்புக்கு மேல் இருக்கலாம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். யாங்கோன் நகரின் பெரும்பகுதியில் 2003-இல் மோட்டார் சைக்கிளுக்குத் தடை வந்தது. அதனால் நம் பிள்ளைகளில் சிலர் முதன்முதலாக மோட்டார் சைக்கிள் ஓட்டுவதே விடுமுறைக்குப் போன ஊரில்தான். குடிக்காமல் இருந்தாலும் கூட, ஓட்டுநர் உரிமமும் தலைக்கவசமும் இல்லையென்றால் பல பாலிசிகள் பணம் தருவதில்லை.

இலவசமாகக் கிடைக்கும் மது

2024 நவம்பரில் லாவோஸ் நாட்டின் வாங் வியெங் என்ற ஊரில் மெத்தனால் கலந்த மது அருந்தி ஆறு வெளிநாட்டுப் பயணிகள் இறந்தார்கள். அவர்களில் இருவர் 19 வயதுப் பெண்கள். அதே ஆண்டு ஜூனில் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது.

மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்குகிறது. குடித்தவுடன் வித்தியாசம் தெரியாது. பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்தே வாந்தி, வயிற்று வலி, பனி மூட்டம்போல் பார்வை மங்கல், வேகமான மூச்சு ஆகியவை தோன்றும். இதைச் சாதாரணத் தலைவலி, "ஹேங்ஓவர்" என்று எண்ணிப் படுத்துவிட்டால் பார்வையோ உயிரோ போகலாம். சீக்கிரம் போனால் மாற்று மருந்தும் டயாலிசிஸும் காப்பாற்ற முடியும். சீல் உடைக்காத பாட்டிலைத் தவிர வேறு எதையும், முக்கியமாக இலவசமாகத் தரும் மதுவை, தொடக்கூடாது.

மருத்துவரிடம் மறைக்காதீர்கள்

இந்தப் பாடத்தில் மிக முக்கியமான பகுதி இதுதான். இன்சூரன்ஸ் பணம் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்து, "குடிக்கவில்லை" என்று மருத்துவரிடம் சொல்லும் பிள்ளைகள் உண்டு. அம்மா அப்பாவுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்து சொல்பவர்களும் உண்டு. இது உயிரோடு விளையாடுவது.

• தலையில் அடிபட்டவரின் மயக்கம் மதுவால் வந்ததா, மூளையில் இரத்தக் கசிவால் வந்ததா என்று மருத்துவர் பிரித்தறிய வேண்டும்.
• வயிற்றில் மது உள்ளபோது மயக்க மருந்து கொடுத்தால் வாந்தி நுரையீரலுக்குள் போகலாம். மருத்துவர் அதற்கேற்ப ஏற்பாடு செய்ய வேண்டும்.
• சில வலி மருந்துகளும் தூக்க மருந்துகளும் மதுவோடு சேர்ந்தால் மூச்சை அடக்கிவிடும்.
• மெத்தனால் என்று சந்தேகம் வந்தால்தான் அதற்குரிய சிகிச்சை தொடங்கும்.

மறைப்பதால் பணமும் கிடைக்காது. இரத்தப் பரிசோதனையில் உண்மை தெரிந்துவிட்டால், பொய் சொன்னது மறுப்பதற்கு இரண்டாவது காரணமாகிவிடும்.

உடனிருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: குடித்து மயங்கியவரை மல்லாக்கப் படுக்க வைத்து "தூங்கட்டும்" என்று விட்டுப் போகாதீர்கள். ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்து, கூடவே இருங்கள். எழுப்பியும் எழாவிட்டால், மூச்சு மெதுவாகிவிட்டால், உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.

புறப்படும் முன்

1. மது, மோட்டார் சைக்கிள், நீர் விளையாட்டு பற்றிய விலக்குகளைப் படியுங்கள். புரியாவிட்டால் நிறுவனத்திடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.
2. மியன்மாருக்கு வருபவர்கள், தங்கள் நாட்டு அரசின் பயண எச்சரிக்கை பாலிசியைச் செல்லாததாக்குமா என்று கேட்டறியுங்கள்.
3. பாலிசி எண்ணையும் 24 மணி நேர உதவி எண்ணையும் வீட்டாரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். மருத்துவமனையில் சேர்ந்தால் முடிந்தவரை சீக்கிரம் அந்த எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.
4. கிளைம் மறுக்கப்பட்டால் எந்த விதியின்படி, எந்த மருத்துவ ஆதாரத்தின்படி என்று எழுத்தில் கேளுங்கள். சிங்கப்பூரில் ஃபிட்ரெக், இந்தியாவிலும் பிரிட்டனிலும் ஓம்பட்ஸ்மன் போன்ற குறைதீர்ப்பு அமைப்புகள் இருக்கின்றன.

வீட்டில் கலந்து பேச

• நம் பிள்ளையின் பாலிசி மேலே சொன்ன மூன்று வகையில் எது?
• இரவு இரண்டு மணிக்கு ஏதாவது நடந்தால், பயப்படாமல் யாரை அழைக்கலாம் என்று பிள்ளைக்குத் தெரியுமா?

இரண்டாவது கேள்விக்குப் பதில் பெற்றோரிடம்தான் இருக்கிறது. "என்ன நடந்தாலும் உண்மையைச் சொல்லு, திட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று புறப்படும் முன்பே சொல்லி அனுப்புங்கள். எந்தப் பாலிசியிலும் எழுதாத பாதுகாப்பு அது.