மாட்டு ஈ கடிக்கிறதா? வேளச்சேரிக்காரர்களுக்குச் சில குறிப்புகள்

மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது முழங்கையில் பிளேடு இழுத்த மாதிரி ஒரு வலி. திரும்பிப் பார்த்தால் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு ஈ. "குதிரை ஈ" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர். கிண்டி ரேஸ் கோர்ஸிலிருந்துதான் பறந்து வந்திருக்கும் என்று பழியையும் அங்கேயே போட்டார். பாவம், குதிரைகளுக்கும் இதன் பிறப்புக்கும் சம்பந்தமே இல்லை.

1. முதலில் ஆளை அடையாளம் காணுங்கள். உடம்பு தடித்து, தலை முழுக்கக் கண்ணாகத் தெரிந்தால் மாட்டு ஈ. குதிரை ஈ என்பதும் இதைத்தான். சாதாரண வீட்டு ஈ அளவில் இருந்துகொண்டு கணுக்காலில் சுருக்கென்று குத்தினால் அது தொழுவ ஈ. அதன் வாயில் ஊசி போல ஒன்று முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டும் பிறக்கும் இடம் வேறு என்பதால் விரட்டும் வழியும் வேறு.

2. மாட்டு ஈ சாணியில் பிறப்பதில்லை, சேற்றில் பிறக்கிறது. தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கோரை, புல், இலை இவற்றில் பெண் ஈ நூற்றுக்கணக்கான முட்டைகளை அடுக்கி ஒட்டிவைக்கும். முதலில் வெள்ளையாக இருக்கும், பிறகு கறுக்கும். ஏறக்குறைய ஒரு வாரத்தில் பொரிந்து, புழுக்கள் கீழே ஈர மண்ணில் விழும். அவை சாதுவானவை அல்ல. மண்புழுவையும் மற்றப் பூச்சிப் புழுக்களையும் பிடித்துத் தின்னும்; வயலில் வெறுங்காலோடு நிற்பவரைக்கூடக் கடிப்பதுண்டு. சேற்றிலேயே பல மாதம் வளர்ந்து, கொஞ்சம் காய்ந்த மண்ணுக்கு ஏறிக் கூட்டுப்புழுவாகும். வேளச்சேரி ஏரிக்கரையும் பள்ளிக்கரணை சதுப்பு நிலமும் பக்கத்திலேயே இருக்கும்போது இந்த ஈ இங்கே தலைகாட்டுவதில் அதிசயம் இல்லை.

3. அதற்காக ஏரிக்கரையில் மருந்தடிக்கச் சொல்லி மனு போடாதீர்கள். சேற்றுக்குள் இருக்கும் புழுவுக்கு மருந்து சரியாகப் போய்ச் சேராது. பறக்கும் ஈயைப் பிடித்துத் தின்னும் தும்பிகள்தான் முதலில் சாகும். பள்ளிக்கரணை 2022இல் ராம்சர் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட இடம் என்பதையும் மறக்க வேண்டாம்.

4. உங்கள் கையில் இருப்பது வீட்டைச் சுற்றியுள்ள ஈரம். ஏசி தண்ணீர் சொட்டிச் சொட்டி எப்போதும் சேறாகவே கிடக்கும் மூலைக்கு ஒரு வாளி வைத்து, அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள். மழைநீர் வடிகால் ஓரத்துப் புல்லை வெட்டிவிடுங்கள். கொசுவும் குறையும்.

5. தொழுவ ஈ கதை வேறு. மூத்திரமும் சாணியும் கலந்து ஊறிய வைக்கோல்தான் அதன் தொட்டில். முட்டை ஈயாக இரண்டு மூன்று வாரம் போதும். ஆகவே மாடு வளர்ப்பவர்கள் மீந்த வைக்கோலை வாரம் இரண்டு முறையாவது வாரி, வெயிலில் மெல்லிசாகப் பரப்பிக் காயவிட வேண்டும். குவித்து வைத்தால் வேலை வீண்.

6. மாட்டு ஈயில் கடிப்பது பெண் மட்டும். முட்டைக்கு இரத்தம் வேண்டும். ஆண் பூந்தேனோடு சரி. வெயில் ஏறிய பகலில்தான் வேட்டை. கறுப்பு, கருநீல உடை, உடம்புச் சூடு, மூச்சுக்காற்று, அசைவு எல்லாம் அதை இழுக்கும். பகலில் ஏரிக்கரைப் பக்கம் போகிறவர்கள் வெளிர் நிற முழுக்கைச் சட்டை போடுவது நல்லது. பளபளக்கும் கறுப்புக் காரையும் தண்ணீர் என்று நினைத்து வந்து உட்காரும்.

7. ஜப்பானில் கறுப்பு மாட்டின் உடம்பில் வெள்ளைக் கோடு போட்டுப் பார்த்தார்கள். கடிக்கும் ஈக்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக 2019இல் ஆய்வு வெளியானது. மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வண்ணம் அடிக்கும் நாம் முதுகுக்கும் கொஞ்சம் அடித்துப் பார்க்கலாம்! எங்களுக்குப் பால் ஊற்றுபவரிடம் சொன்னேன். "கோடெல்லாம் எதுக்கும்மா, சாயங்காலம் வேப்பிலை மூட்டம் போட்டா மாடு நிம்மதியா அசை போடும்" என்றார். அதுவும் சரிதான், புகை அக்கம்பக்கத்து ஜன்னலுக்குள் போகாதவரை.

8. மாட்டு ஈ வீட்டுக்குள் வந்துவிட்டால் பதற வேண்டாம். வெளிச்சம் தேடி ஜன்னல் கண்ணாடியில் போய் முட்டும். விளக்கை அணைத்து ஜன்னலைத் திறந்தால் போய்விடும். அது வீட்டுக்குள் பெருகாது.

9. நாய், மாடு, குதிரை வைத்திருப்பவர்கள் கவனிக்க: ஒரு பிராணியைக் கடிக்கும்போது விரட்டினால், வாயில் ஒட்டிய இரத்தத்தோடு அடுத்ததன் மேல் போய் உட்காரும். 'சர்ரா' நோய் இப்படித்தான் பரவுகிறது. இதன் கிருமியை 1880இல் கிரிஃபித் எவன்ஸ் என்ற கால்நடை மருத்துவர் அன்றைய பஞ்சாபில் குதிரை, ஒட்டக இரத்தத்தில் கண்டார். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மெலிவு, கால் வீக்கம் தெரிந்தால் கால்நடை மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

10. இந்த ஈ ஊசி போடுவதில்லை, தோலைக் கத்தரிக்கிறது. அதனால்தான் அவ்வளவு எரிச்சல். சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைப் பத்து நிமிடம் வையுங்கள். சுண்ணாம்பு தடவினால் தோல் வெந்துபோகும். கலமைன் லோஷன் போதும். உதடு, முகம் வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் 108ஐ அழையுங்கள்.