பாலாவி வகுப்பறைக்கு எந்தத் தொடர் முதலில்?

முந்திய உறுப்பிலிருந்து அடுத்ததைக் கண்டுபிடிக்கும் வித்தியாசச் சமன்பாடுகளை உயர்தர வகுப்பில் தொடங்க, ஃபிபொனாச்சி, ஹனோய்க் கோபுரம், கடன் தவணை என்று பல வழிகள் உண்டு. புத்தகங்களுக்குப் பிடித்தது ஃபிபொனாச்சி. பாலாவியில் பாடம் எடுப்பவர் அதைக் கடைசிக்குத் தள்ளி, உப்பளத்தில் தொடங்கலாம்.

நூறு லீற்றர் கடல்நீர். லீற்றருக்கு 35 கிராமாக 3500 கிராம் உப்பு. தினமும் ஐந்து லீற்றர் ஆவியாக, அதே அளவு கடல்நீர் ஊற்றினால் உப்பு 175 கிராம் கூடும். வெறும் கூட்டல் விருத்தி. (உப்பு ஏற ஏற நீர் ஆவியாவது மந்தமாகும்; அந்தக் கேள்வியைக் கேட்கும் பிள்ளையை விட்டுவிடாதீர்கள்.) இனி, தினமும் முதலில் பத்து லீற்றரை இறைத்துவிட்டு, மாலையில் பதினைந்து லீற்றர் கடல்நீர் ஊற்றட்டும்:

நாளைய உப்பு = இன்றைய உப்பு × 0.9 + 525

3500, 3675, 3832.5 என்று ஏறும், ஆனால் 5250ஐத் தாண்டாது. அங்கே இறைத்துப் போவதும் ஊற்றி வருவதும் சரிக்குச் சரி. 5250க்கு எவ்வளவு குறைகிறது என்று தினமும் எழுதச் சொல்லுங்கள்: 1750, 1575, 1417.5. மாணவருக்கு ஏற்கெனவே தெரிந்த பெருக்கல் விருத்தி! தீர்வு முழுவதும் இந்த ஒரு கழித்தலில் இருக்கிறது.

அடுத்து கடன். ஒரு லட்சம் ரூபாய், மாத வட்டி 2 வீதம். மாதம் 2000 கட்டினால் கடன் அசையாது. 3000 கட்டினால் 56ஆவது தவணையில் தீரும். இங்கும் சமநிலை உண்டு, 1,50,000இல். ஆனால் உப்புக் கணக்கு சமநிலையை நெருங்குகிறது, கடன் விலகி ஓடுகிறது. பெருக்கும் எண் ஒன்றுக்குக் கீழா மேலா என்பதே காரணம். வீட்டில் கடன் நெருக்கடி உள்ள பிள்ளைகள் இருப்பார்கள். உதாரணத்தை அவர்கள் பக்கம் திருப்பாதீர்கள்.

1883இல் லூக்கா வெளியிட்ட ஹனோய்க் கோபுரத்தைத் தொகுத்தறிவு நிறுவல் வரும் வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் அது வெறும் விளையாட்டு.

ஃபிபொனாச்சி 1202இல் எழுதிய எண்களை ஹேமசந்திரர் 1150 அளவிலேயே குறில் நெடில் அடுக்குகளை எண்ணிக் கண்டிருந்தார். கதை சுவையானதுதான். ஆனால் அதற்கு முந்திய இரண்டு உறுப்புகள் வேண்டும், தீர்வில் √5 வரும். இருபடிச் சமன்பாட்டின் மூலங்களை விருத்தியோடு இணைக்கத் தெரிந்த மாணவருக்கே அது பொருந்தும்.