வெளுத்துப்போன வானம்



ஏரிக்கரைப் புளியமர நிழலில் பாட்டியை நிற்க வைத்து செல்போனில் படம் எடுத்தேன். பின்னாடி மேகம் மலை மலையாக நின்றது. படத்திலோ வானம் வெள்ளைத் தாள் மாதிரி! நிழலில் இருந்த முகத்துக்காக செல்போன் வெளிச்சத்தைக் கூட்டிவிட்டது. எடிட் செய்து குறைத்தேன். வெள்ளை சாம்பல் நிறமாச்சு; மேகம் வரலை.

ஏன் தெரியுமா? சாதாரண செல்போன் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 0 முதல் 255 வரை. மூன்றும் 255 ஆனால் வெறும் வெள்ளை. குடம் நிறைந்த பிறகு எவ்வளவு தண்ணீர் வழிந்தது என்று குடத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? அதே கதைதான்!

பிரான்ஸ் நாட்டு குஸ்தாவ் லெ கிரே 1856-57இல் கடலைப் படம் எடுத்தார். அந்தக் காலக் கண்ணாடித் தகட்டில் வானம் வெளுத்துவிடும். அதனால் கடலுக்கு ஒரு தகடு, வானத்துக்கு ஒரு தகடு எடுத்து, ஒரே தாளில் சேர்த்து அச்சிட்டார்.

நாம் செய்ய வேண்டியவை:
1. திரையில் வானத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் குறைத்து எடுங்கள்.
2. இருண்ட முகத்தைப் பிறகு எடிட்டில் வெளிச்சமாக்குங்கள். இருட்டில் கொஞ்சமாவது மிஞ்சும்; வெள்ளையில் ஒன்றும் மிஞ்சாது.

வேறு மேகத்தை வெட்டி ஒட்டலாம்தான். ஆனா, பாட்டி நின்ன அன்னைக்கு வந்த மேகம் அது இல்லையே!