வெள்ளெழுத்துக் கண்ணுக்கு ஏற்ற கணினித் திரை

ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் கணினியில் வேலை செய்வதைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலே சிக்கல் புரிந்துவிடும். தாடை மேலே தூக்கியிருக்கும், முதுகு முன்னால் வளைந்திருக்கும். பைஃபோகல் கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாகத் திரையைப் பிடிக்கப் பார்க்கிறார். அந்தக் கீழ்ப்பாதியில் இருப்பது புத்தகம் படிக்க, சுமார் 40 செ.மீ. தூரத்துக்குப் போட்ட பவர். திரை இருப்பதோ 60 செ.மீ. தள்ளி. மாலையில் கழுத்து வலிக்காமல் என்ன செய்யும்?

ஆகவே முதல் வேலை, கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை டேப் வைத்து அளந்து, அந்த எண்ணோடு கண் பரிசோதனைக்குப் போவது. அந்தத் தூரத்துக்கென்றே தனிக் கண்ணாடி எழுதித் தருவார்கள். ப்ரோக்ரெசிவ் கண்ணாடியே போதும் என்பவர்கள் திரையைத் தாழ்த்தி, மேல்பக்கத்தைச் சற்றுப் பின்னால் சாய்த்துவிட்டால் தாடையைத் தூக்க வேண்டியிருக்காது. நீல ஒளியைத் தடுக்கும் என்று விற்கும் கண்ணாடிக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். சாதாரணக் கண்ணாடியைவிட அது கணினியால் வரும் கண் அசதியைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்பதே 2023இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பின் முடிவு.

அடுத்தது வெளிச்சம். வயது ஏற ஏறக் கண்பாவை சுருங்குகிறது, உள்ளிருக்கும் லென்ஸ் மஞ்சளாகிறது. இருபது வயதில் விழித்திரைக்குப் போன ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபதில் போய்ச் சேர்கிறது. அதே லென்ஸ் ஒளியைச் சிதறடிப்பதால் கண் கூசவும் செய்யும். திரையை அணைத்துவிட்டு அந்தக் கறுப்பை உற்றுப் பார்க்க வேண்டும். டியூப்லைட்டோ ஜன்னலோ அதில் தெரிந்தால், எழுத்தின் மேல் நாள் முழுக்க விழுவது அதுதான். ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி மேசையைத் திருப்பிப் போடலாம். பிறகு திரையில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, வெள்ளைத் தாளை அதனருகே பிடித்து, தாளைவிடத் திரை பளீரென்று அடித்தால் திரையின் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். மங்கித் தெரிந்தால் கூட்ட வேண்டும்.

இனி எழுத்தின் அளவு. பலர் இங்கே ரெசல்யூஷனைக் குறைத்துவிடுகிறார்கள். எழுத்து பெரிதாகும், கூடவே விளிம்பெல்லாம் கலங்கிப்போகும். ரெசல்யூஷனைத் தொடாமல், விண்டோஸ் 11 செட்டிங்ஸில் ‘சிஸ்டம்’, ‘டிஸ்ப்ளே’, ‘ஸ்கேல்’ என்று போய் 125 அல்லது 150 சதவீதம் வைப்பதே சரி. எழுத்தை மட்டும் பெரிதாக்க ‘அக்சஸிபிலிட்டி’யில் ‘டெக்ஸ்ட் சைஸ்’ இருக்கிறது. 225 சதவீதம் வரை இழுக்கலாம். மவுஸ் அம்புக்குறியைப் பெரிதாக்கி நிறம் மாற்றும் வசதியும் அங்கேயே உண்டு. இணையப் பக்கங்களுக்குக் கன்ட்ரோலும் ப்ளஸும் சேர்த்து அழுத்தினால் போதும். ஒரு தளத்துக்கு வைத்த அளவை பிரவுசர் நினைவில் வைத்துக்கொள்ளும்.

தமிழ் படிப்பவர்கள் இதோடு நிறுத்தக்கூடாது. சிறிய அளவில் ஆங்கில எழுத்து தாக்குப்பிடிக்கும் இடத்தில் தமிழ் எழுத்து தடுமாறும்: ‘ண’வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ‘ன’ போலத் தெரியும், மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போகும். வேர்டில் 12 புள்ளி விஜயா எழுத்துரு, அதே 12 புள்ளி லதா எழுத்துருவைவிடச் சிறிதாகத் தெரியும். ஆக எண்ணை நம்பாமல் கண்ணை நம்பி அளவு வைக்க வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ் செட்டிங்ஸில் எழுத்துருப் பகுதியின் ‘அட்வான்ஸ்டு’ பொத்தானை அழுத்தி, மொழியைத் தமிழாக்கி, குறைந்தபட்ச அளவாக 18 என்று வைத்துவிடலாம். தமிழ் என்று முறையாகக் குறித்த பக்கங்களில் எழுத்து அதற்குக் கீழே இறங்காது.

கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து கண்ணுக்கு நல்லது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஆனால் ஜெர்மனியின் டுசல்டார்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், இளையவர்கள், முதியவர்கள் இரு சாராருமே வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தைத்தான் நன்றாகப் படித்தார்கள். பளிச்சென்ற பின்னணியில் பாவை சுருங்குவதால் எழுத்து கூர்மையாகத் தெரிகிறது. கண்புரை உள்ளவர்கள் கதை வேறு. வெள்ளைத் திரை கூசினால் அவர்கள் டார்க் மோடுக்கு மாறிக்கொள்வதே நல்லது.

திரையைப் பார்க்கும்போது இமைப்பது வெகுவாகக் குறைகிறது, கண் வறண்டு எழுத்து மங்குகிறது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால் 20 விநாடி பார்க்கச் சொல்வார்கள். அப்போது நாலைந்து முறை முழுதாகக் கண்ணை மூடித் திறப்பதும் அவசியம்.

இத்தனைக்குப் பிறகும் தெளியாவிட்டால் செட்டிங்ஸை நோண்டிக்கொண்டிருக்கக்கூடாது. எக்செல் கட்டங்களின் நேர்கோடு ஒரு கண்ணுக்கு வளைந்து தெரிந்தாலோ, எழுத்து வரிசையின் நடுவே ஓரிடம் அழிந்ததுபோல் இருந்தாலோ, விழித்திரையில் கோளாறு இருக்கலாம். உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இப்படி எதற்கும் காத்திராமல், ஆண்டுக்கு ஒருமுறை பாவையை விரிக்கும் சொட்டு மருந்து போட்டு விழித்திரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.