இரண்டெழுத்தை நறுக்கும் கத்தரி

"எய்ட்ஸுக்குத்தான் மாத்திரை வந்துவிட்டதே, பிறகு ஏன் ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கான விடை, எச்.ஐ.வி. கிருமியின் ஒரு சிறு நொதியில் இருக்கிறது.

எச்.ஐ.வி. ஒரு ரெட்ரோவைரஸ். அதன் மரபுச் செய்தி ஆர்.என்.ஏ.வில் உள்ளது, நம்முடையதோ டி.என்.ஏ.வில். ஆகவே உயிரணுவுக்குள் நுழைந்ததும் கிருமி தன் செய்தியை டி.என்.ஏ.வாக மாற்றி எழுதுகிறது. ரெட்ரோவைரஸ்களில் இவ்வேலையைச் செய்யும் நொதியை 1970-இல் ஹோவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியே கண்டறிந்தனர். 1975-இல் நோபல் பரிசும் பெற்றனர்.

அடுத்த வேலை இன்டெக்ரேஸ் என்ற நொதியுடையது. டி.என்.ஏ.வை இருபுரிக் கயிறாக எண்ணிக் கொள்ளுங்கள்.

முதற்படி: வைரஸ் கயிற்றின் இரு முனைகளிலும், ஒவ்வொரு புரியின் கடைசி இரண்டு எழுத்துகளை இது நறுக்குகிறது. 'சி-ஏ-ஜி-டி' என்று முடிந்த புரி 'சி-ஏ' என்று முடிகிறது.

இரண்டாம் படி: நமது டி.என்.ஏ.வின் இரு புரிகளையும் ஐந்தெழுத்துத் தள்ளித் தள்ளி வெட்டி, நறுக்கிய முனைகளை அங்கே இணைக்கிறது.

மூன்றாம் படி: மீதமுள்ள இடைவெளியை அடைப்பவை நம் உயிரணுவின் பழுதுபார்க்கும் நொதிகளே! திருடனை உள்ளே விட்டு நாமே தாழ்ப்பாள் போட்ட கதைதான்.

அதன்பின் வைரஸின் செய்தி நம் மரபுச் செய்தியோடு ஒன்றிவிடுகிறது. உயிரணு பிரியும்போது அதுவும் படியெடுக்கப்படுகிறது. சில உயிரணுக்களில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும்.

2007-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரால்டெக்ராவிர், 2013-இல் வந்த டோலுடெக்ராவிர் ஆகிய மருந்துகள் இக்கத்தரியின் வாயில் உள்ள மெக்னீசிய அயனிகளைப் பற்றிக்கொண்டு இரண்டாம் படியைத் தடுக்கின்றன. புதிய உயிரணுக்கள் காப்பாற்றப்படுகின்றன. ஆனால் ஏற்கெனவே இணைந்துவிட்டதை இவற்றால் பிரித்தெடுக்க முடியாது. மாத்திரையை நிறுத்தினால் உறங்கும் கிருமி விழித்துக்கொள்ளும்.

நம் நாட்டில் 2004 முதல் அரசு மையங்களில் இச்சிகிச்சை இலவசமாகத் தரப்படுகிறது. வேலை நிமித்தம் ஊர் மாறுவோர், புறப்படுமுன் தம் மையத்தில் சொன்னால் புதிய ஊரின் மையத்துக்கு மாற்றித் தருவார்கள். ஊர் மாறலாம், மாத்திரை ஒரு நாளும் தவறக் கூடாது.