பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்

வீட்டிலேயே பாட்டைப் பதிவு செய்ய, கம்ப்யூட்டர் தேவைப்படாத மல்டிடிராக் ரெக்கார்டர் ஒன்றை வாங்கக் கிளம்புகிறவர் கண்ணில் முதலில் படுவது பெட்டியின் மேல் அச்சிட்ட எண். 8, 16, 24, 32. எண் கூடக் கூடக் கருவி உசத்தி என்று கடைக்காரரும் சொல்வார், விலையும் அப்படித்தான் ஏறும். அந்த எண் சொல்வதோ ஒன்றே ஒன்றுதான்: கருவிக்குள் எத்தனை டிராக்கை வைத்துக்கொண்டு சேர்த்து ஒலிக்கவிடலாம் என்பது. ஒரே நேரத்தில் எத்தனை மைக்கைத் தனித்தனி டிராக்கில் பதியலாம் என்பது வேறு கணக்கு. அதைத் தெரிந்துகொள்ள, கருவியைத் திருப்பி மைக் செருகும் துளைகளை எண்ண வேண்டும்.

டாஸ்காம் டிபி-008இஎக்ஸ், ஜூம் ஆர்8, ஜூம் ஆர்12 மூன்றும் எட்டு டிராக் கருவிகள். மூன்றிலுமே ஒரு நேரத்தில் பதிவாவது இரண்டு டிராக்தான். ஜூம் ஆர்16-இல் டிராக் 16, ஒரே நேரத்தில் பதிவது எட்டு. டாஸ்காமின் டிபி-24எஸ்டி, டிபி-32எஸ்டி இரண்டும் பெயரிலேயே 24, 32 என்று மார்தட்டுகின்றன. அவற்றிலும் ஒரே நேரத்தில் எட்டுக்கு மேல் போகாது. ஆக, 16-க்கும் 32-க்கும் நடுவே உள்ள வித்தியாசம் பலருக்கு ஒரு பொருட்டே இல்லை. இரண்டு இன்புட்டுக்கும் எட்டு இன்புட்டுக்கும் நடுவேதான் மலையளவு வித்தியாசம்.

எது வேண்டும் என்பது வாங்குகிறவர் தனி ஆளா, கோஷ்டியா என்பதைப் பொறுத்தது.

தனி ஆளுக்கு இரண்டு இன்புட் போதும் என்பதற்கு எல்லாரும் காட்டும் சாட்சி அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். 1979-இல் டாஸ்காம் 144 என்ற கருவி வந்தது. சாதாரண கேசட்டை இருமடங்கு வேகத்தில் ஓட்டி, இரண்டு பக்கத்துக்கும் பங்கிட்டிருந்த நாடாவை ஒரே பக்கமாக நான்கு டிராக்குக்குப் பயன்படுத்தியது அது. 1982 ஜனவரியில் நியூஜெர்சியின் கோல்ட்ஸ் நெக் ஊரில் இருந்த வாடகை வீட்டில், இரண்டு ஷூர் எஸ்எம்57 மைக்கை இந்தக் கருவியில் செருகி உட்கார்ந்தார் ஸ்பிரிங்ஸ்டீன். பாட்டும் கிதாரும் முதல் இரண்டு டிராக்கில். ஹார்மோனிகா, இரண்டாம் குரல், இன்னொரு கிதார் என்று மிச்சத்தை மற்ற இரண்டில் சேர்த்தார். நான்கையும் கலந்து ஒரு பழைய பானசோனிக் டேப்ரிக்கார்டரில் இறக்கினார். பிறகு தன் குழுவையே கூட்டி, நியூயார்க் ஸ்டூடியோவில் அதே பாட்டுகளைப் பதிந்து பார்த்தும் மனசு ஒப்பவில்லை. அந்தக் கேசட்டே 1982 செப்டம்பரில் ‘நெப்ராஸ்கா’ என்ற ஆல்பமாக வெளிவந்தது.

இந்தக் கதையைச் சொல்லி “கருவியில் என்ன இருக்கிறது, கலைஞன்தான் முக்கியம்” என்று முடிப்பது வழக்கம். எனக்கு அது ஒப்புதல் இல்லை. ஒரே ஆள் பாடி, வாசித்து, அடுக்கடுக்காகச் சேர்க்கிற இசைக்கு நான்கு டிராக் கருவி அளவெடுத்துத் தைத்த சட்டை. அதனால்தான் பொருந்தியது. வேறு இசைக்கு அதே கருவி கையைக் கட்டிப்போட்டுவிடும்.

கர்நாடகக் கச்சேரியை எடுத்துக்கொள்வோம். பாட்டுக்கு ஒரு மைக், வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்தின் வலந்தலைக்கும் தொப்பிக்கும் ஒவ்வொன்று. அதற்குள்ளேயே நான்கு ஆகிவிட்டது. கடமோ கஞ்சிராவோ சேர்ந்தால் ஐந்து, தம்பூரா ஆறு. இரண்டு இன்புட் கருவி வைத்திருப்பவர்கள் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடிப்பார்கள்: இன்றைக்குப் பாட்டை மட்டும் பதிவோம், வயலினை ஞாயிற்றுக்கிழமை, மிருதங்கத்தை அடுத்த வாரம். கிருதி மட்டும் என்றால் இது ஓரளவு நடக்கும். சங்கதிகள் இன்னின்னது என்று இருவருக்கும் முன்பே தெரியும். கல்பனாஸ்வரத்துக்கு வந்ததும் சாயம் வெளுத்துவிடும். பாடகர் பாடும்போது எதிரே பதில் வரவில்லை. பதில் வராததால் அடுத்த ஆவர்த்தனத்தில் அவர் எகிறவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்த வயலின்காரரோ ஹெட்போனில் முழுசையும் கேட்டுவிட்டுத்தான் வில்லை எடுக்கிறார். கேள்வி அவருக்குப் புதிதில்லை, பதிலில் சூடும் இல்லை. ஆலாபனையில் இன்னும் மோசம். பாடகர் மூச்சு வாங்கும் இடத்தைக் கண்ணால் பார்த்து நிழல்போலப் பின்தொடர்கிற வித்தையை எந்த ஹெட்போனும் தராது. பக்கவாத்தியத்தோடு பதிகிறவர் எட்டு இன்புட் கருவிக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது என் கட்சி.

எல்லாரையும் ஓர் அறையில் உட்கார வைத்தால் ஒருவர் சத்தம் இன்னொருவர் மைக்கில் ஏறும். மிருதங்கம் பாட்டு மைக்கில் ஏறுவதுதான் பெரிய தலைவலி. இதற்குக் கச்சேரி மேடை வரிசையைக் கொஞ்சம் மறந்துவிட வேண்டும். பாடகரையும் மிருதங்கக்காரரையும் எதிரெதிரே உட்கார வையுங்கள். பாடகர் வாய்க்கு நேரே நிற்கும் மைக்கின் முதுகு அப்போது மிருதங்கத்தைப் பார்க்கும். பாட்டுக்குப் பயன்படும் கார்டியாய்டு மைக் பின்பக்கத்திலிருந்து வரும் ஒலியைத்தான் மிகக் குறைவாக வாங்கும். செலவே இல்லாத ஏற்பாடு, முழுசாக அடைக்காது என்றாலும் மிக்ஸ் செய்யும்போது உயிர் காக்கும்.

துளைகளை எண்ணியாயிற்று என்றால் அடுத்து, எந்தத் துளை எதற்கு என்று பார்க்க வேண்டும். கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் பேன்டம் பவர் வேண்டும். ஜூம் ஆர்16-இல் எட்டு இன்புட் இருந்தாலும் 5, 6 இரண்டில் மட்டுமே அது கிடைக்கும். ஒன்றைப் பாட்டுக்கும் ஒன்றை வயலினுக்கும் கொடுத்துவிட்டு, மிருதங்கத்துக்கு எஸ்எம்57 மாதிரி டைனமிக் மைக்கை வைத்தால் காரியம் நடந்துவிடும். டைனமிக் மைக் பேன்டம் பவர் கேட்காது. வீணை, வயலின் கலைஞர்கள் பலர் கருவியோடு ஒட்டிய பிக்கப்பையே கொண்டுவருவார்கள். அதைச் சாதாரண லைன் இன்புட்டில் செருகினால் அடிநாதம் போய், தகரத்தில் தட்டியதுபோல் மெலிந்து ஒலிக்கும். அதற்கு ஹை-இசட் என்று குறித்த இன்புட் வேண்டும். ஆர்16-இல் அது ஒன்றே ஒன்று, முதல் இன்புட்டில். வீணையும் வயலினும் பிக்கப்போடு சேர்ந்து வந்தால் பிக்கப்பின் ஒலியை மைக் இன்புட்டுக்கு ஏற்றதாக மாற்றித் தரும் டி.ஐ. பாக்ஸ் ஒன்றையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கரண்ட் விஷயத்துக்கு வருவோம். நம் ஊரில் வீட்டில் பதிகிறவர் முதலில் செய்வது சீலிங் ஃபேனை நிறுத்துவது. அடுத்தது, ஃபிரிட்ஜ் மோட்டார் ஓய்கிற வரை காத்திருப்பது. இதற்கெல்லாம் பழகிவிட்ட பிறகும் விடாமல் துரத்துவது அடாப்டர் வழியாக வரும் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல். சரியான எர்த்திங் இல்லாத வீட்டில், பிக்கப் உள்ள வாத்தியத்தைச் செருகியதும் கேட்கும்; தந்தியில் கை வைத்தால் குறையும், எடுத்தால் ஏறும். கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டால், மலிவான சதுர அலை இன்வெர்ட்டராக இருக்கும் பட்சத்தில், ‘ம்ம்ம்’ மாறி ‘ஜ்ஜ்ஜ்’ ஆகும். இந்த இரண்டுக்கும் ஒரே மருந்து பேட்டரி. ஆர்8 நான்கு டபுள் ஏ செல்லிலும், ஆர்16 ஆறிலும் ஓடும். ஜூம் ஆர்20, டாஸ்காம் டிபி-24எஸ்டி, மாடல் 12 மூன்றும் நல்ல கருவிகள்தான். ஆனால் பிளக் இல்லாமல் உயிர் வராது. கோயில் மண்டபத்திலோ மொட்டை மாடி அறையிலோ பதியும் எண்ணம் இருந்தால் இதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ரீசார்ஜ் செய்யும் செல் போடுகிறவர்கள் மெனுவில் பேட்டரி வகையை மாற்றிவிட வேண்டும். அது 1.2 வோல்ட், சாதாரண அல்கலைன் செல் 1.5. மாற்றாவிட்டால் முழுசாகச் சார்ஜ் ஏறிய செல்லையும் கருவி அரைகுறை என்றே காட்டும். பேன்டம் பவரைப் போட்டால் செல் மளமளவென்று இறங்கும் என்பதும் கணக்கில் இருக்கட்டும்.

சுருதியை எப்படிக் கேட்பது என்பது இங்கத்திய பிரச்சினை, கருவியோடு வரும் கையேட்டில் இருக்காது. எலெக்ட்ரானிக் தம்பூராவை அறையில் ஓடவிட்டால் எல்லா மைக்கிலும் ஏறும். பின்னால் ஒரு இடத்தை வெட்டி ஒட்ட வேண்டுமானால் சுருதியின் மீட்டு இடறும். தம்பூராவின் ஹெட்போன் வெளியீட்டிலிருந்தோ செல்போன் ஆப்பிலிருந்தோ ஒயரை நேராக ஓர் இன்புட்டுக்குக் கொண்டுவாருங்கள். அதைத் தனி டிராக்கில் பதிந்து, பாடகருக்கு ஒற்றைக் காதில் மட்டும் ஹெட்போன் கொடுங்கள். இரண்டு காதையும் மூடினால் தன் குரல் தனக்கே அந்நியமாகிச் சுருதி விலகுகிறவர்கள் உண்டு. சிறிய கருவிகளில் பெரும்பாலும் ஹெட்போன் துளை ஒன்றுதான். நான்கு பேர் கேட்க வேண்டுமானால் சின்ன ஹெட்போன் ஆம்ப் ஒன்று தனியாக வாங்க வேண்டும்.

தனி ஆளாக அடுக்கிப் பதிகிறவர் மெட்ரோனோமையும் சோதிக்க வேண்டும். ஆதி தாளத்துக்கு எந்தக் கருவியும் தட்டும். மிஸ்ர சாபுக்கு ஏழும் கண்ட சாபுக்கு ஐந்தும் எண்ணி, முதல் தட்டை மட்டும் அழுத்திக் காட்டுமா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

ஜூம் ஆர்4 போன்ற புதிய கருவிகள் 32 பிட் ஃப்ளோட் முறையில் பதிகின்றன. சத்தம் எல்லை மீறிக் கீறினாலும் பிறகு இறக்கிச் சரிசெய்துவிடலாம் என்பது இதன் பெருமை. பெரும்பாலும் உண்மைதான், ஆனால் மைக்கே தாங்காமல் கீறினால் அதைக் கருவி காப்பாற்றாது. அந்த ஆர்4-இலும் இரண்டு மைக் இன்புட்தான் என்பதால் கோஷ்டிக்கு ஆகாது. 24 பிட் கருவியே போதும், ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றிக்கொண்டால். மைக் சோதனை என்றாலே நம்மவர்கள் “ஹலோ, ஹலோ” என்று மெல்லிய குரலில் சொல்வார்கள். அதற்கு கெயினை ஏற்றிவைத்தால், அனுபல்லவியில் தார ஸ்தாயிக்குப் போகும்போது சிவப்பு விளக்கு எரியும். அன்றைக்குப் பாடப்போகும் உருப்படிகளில் மிக உரக்க வரும் வரியைப் பாடச் சொல்லுங்கள். அப்போது மீட்டர் மைனஸ் 12 டெசிபெல்லைத் தொட்டால் போதும்.

எஸ்.டி. கார்டுக்குப் பெரிய செலவு வேண்டாம். 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸில் ஒரு டிராக் நிமிடத்துக்குச் சுமார் 8 எம்.பி. எட்டு டிராக்கை ஒரு மணி நேரம் ஓட்டினால் 4 ஜி.பி.க்குள் அடங்கிவிடும். பழைய கருவிகள் பல 32 ஜி.பி.க்கு மேல் கார்டை ஏற்காது, ஏற்கத் தேவையும் இல்லை. போலிக் கார்டுதான் ஆபத்து. வாங்கியதும் கம்ப்யூட்டரில் போட்டு விளிம்பு வரை நிரப்பி, எல்லா ஃபைலும் திறக்கிறதா என்று பாருங்கள்.

பழைய கருவி வாங்குகிறவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை. அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்ததாக இருந்தால் அடாப்டரில் 100–240 வோல்ட் என்று போட்டிருக்கிறதா என்று படியுங்கள்; 120 மட்டும் போட்டிருந்தால் நம் சுவர் பிளக்கில் செருகவே செருகாதீர்கள். மாற்று அடாப்டர் வாங்கும்போது வோல்ட், ஆம்பியர் மட்டுமல்லாமல் பின்னின் நடுவில் பிளஸ்ஸா மைனஸ்ஸா என்ற படத்தையும் ஒப்பிட வேண்டும். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு ஃபேடரையும் மேலும் கீழும் தள்ளுங்கள். கரகரவென்று கேட்டால் உள்ளே தூசி, விலையைக் குறைக்கச் சொல்லலாம். கடைசியாக, ஒரே மைக்கை எட்டு இன்புட்டிலும் மாற்றி மாற்றிச் செருகி அரை நிமிடம் பதிந்து, கார்டைக் கழற்றி லேப்டாப்பில் போட்டு, எட்டும் தனித்தனி வேவ் ஃபைலாகத் திறந்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.