நாலு நம்பர், 555 புத்தகம், நளன்



போன வருஷம் பண்டமாரான்ல ஒரு லாரி உரசி, மோட்டாரோடு விழுந்தேன். முட்டியில் தோல் போனதோடு தப்பித்தேன். நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் தாத்தா பதறி ஓடி வந்தார். "அடி பலமாய்யா? லாரி நம்பரைப் பாத்தியா?" என்றார். போலீஸ் ரிப்போர்ட்டுக்குத்தான் கேட்கிறார் என்று நினைத்துச் சொன்னேன். சட்டைப் பையிலிருந்து 555 புத்தகத்தை எடுத்து அந்த நாலு எண்ணையும் எழுதிக்கொண்டு, "இன்னைக்கு சனிக்கிழமை, கடை ஏழு மணிக்குள்ள மூடிருவான்" என்று கிளம்பிவிட்டார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தாத்தாவோ மாமாவோ இருப்பார். கனவில் பாம்பு வந்தால் ஒரு நம்பர், யாராவது இறந்தால் வீட்டு எண், புதுக் கார் வாங்கினால் பிளேட் நம்பர். அவர்களைக் கிண்டல் செய்வதற்காக இந்தப் பாடத்தை எழுதவில்லை. இடைநிலைப்பள்ளியில் 'கெபாராங்காலியான்' என்று படித்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறோமே, அந்த நிகழ்தகவுக்கு நம் வீட்டு வரவேற்பறையில் என்ன வேலை என்று பார்க்கத்தான்.

முதல் கணக்கு: ஒரு வெள்ளிக்கு எவ்வளவு?

0000 முதல் 9999 வரை மொத்தம் 10,000 எண்கள். ஒரு வெள்ளிக்குப் 'பெரிசு' கட்டினால் முதல் பரிசு 2,500 வெள்ளி, இரண்டாவது 1,000, மூன்றாவது 500. சிறப்புப் பரிசு பத்து எண்களுக்குத் தலா 180 வெள்ளி. ஆறுதல் பரிசு பத்து எண்களுக்குத் தலா 60 வெள்ளி. ஆக ஒரு குலுக்கலில் 23 எண்களுக்குப் பரிசு.

இப்போது ஒரு பைத்தியக்காரத்தனம் செய்வோம். 10,000 எண்களையும் நானே வாங்கிவிடுகிறேன். செலவு 10,000 வெள்ளி. எல்லாப் பரிசும் எனக்குத்தான்! கூட்டுங்கள்: 2,500 + 1,000 + 500 + 1,800 + 600 = 6,400 வெள்ளி. அத்தனை பரிசையும் அள்ளிக்கொண்டு வந்தும் 3,600 வெள்ளி நஷ்டம். அதாவது ஒரு வெள்ளி கொடுத்தால் சராசரியாக 64 காசு திரும்பி வருகிறது. நீங்கள் எந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தாலும், எந்தச் சாமியிடம் கேட்டாலும், அந்த 64 காசு 65 ஆகாது.

இரண்டாம் கணக்கு: தாத்தா ஏன் நம்புகிறார்?

இதைத் தாத்தாவிடம் சொன்னேன். "போடா, எனக்குப் போன வருஷம் மூணு தடவ அடிச்சிருக்கு" என்றார். பொய் இல்லை. 555 புத்தகத்தில் தேதியோடு இருந்தது: 180, 60, 60. அப்போதுதான் யோசித்தேன்.

தாத்தா புதன், சனி, ஞாயிறு மூன்று நாளும் தலா பத்து எண் எழுதுவார். வருஷத்துக்கு 52 வாரம், 156 குலுக்கல், 1,560 சீட்டு. ஒவ்வொரு சீட்டுக்கும் ஏதாவது ஒரு பரிசு கிடைக்க வாய்ப்பு 10,000-இல் 23. பெருக்கிப் பார்த்தால் வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை அடிக்கத்தான் செய்யும்! லாரி நம்பர் எழுதினாலும் சரி, கண்ணை மூடிக்கொண்டு எழுதினாலும் சரி. அதுவும் 23 பரிசில் 20 பரிசு 180-உம் 60-உம்தான். பத்து வருஷத்தில் ஆறு வருஷம் முதல் மூன்று பரிசுப் பக்கமே போக மாட்டோம்.

தாத்தாவுக்கு வந்தது 300 வெள்ளி. போனது 1,560 வெள்ளி. ஆனால் போனது புத்தகத்தில் இல்லை. அந்த 555 புத்தகத்தில் அடித்த கணக்கு மட்டும்தான் இருக்கிறது, விட்ட கணக்குக்குப் பக்கமே கிடையாது. தாத்தா யாரையும் ஏமாற்றவில்லை. நம் எல்லாருடைய மூளையும் இப்படி ஒரு 555 புத்தகம்தான். பலித்த கனவை எழுதி வைத்துக்கொள்ளும், பலிக்காததைக் காலையிலேயே மறந்துவிடும்.

மூன்றாம் கணக்கு: "ஒண்ணுல போச்சு!"

சனிக்கிழமை ராத்திரி எங்கள் வீட்டில் கேட்கும் வசனம் இது. 4718 எழுதினால் 4719 வரும், அல்லது 4781 வரும். "பாத்தியா, சாமி கிட்ட வந்துருச்சு. அடுத்த வாரம் உறுதி."

எண்ணிப் பார்ப்போம். நாலு வெவ்வேறு இலக்கம் உள்ள ஓர் எண்ணில் ஒரே ஓர் இலக்கம் மட்டும் மாறினால் 4 × 9 = 36 எண்கள். அதே இலக்கங்கள் இடம் மாறினால் இன்னும் 23. ஆக ஓர் எண்ணுக்கு 59 'ஒண்ணுல போச்சு'கள் இருக்கின்றன. வெல்லும் எண்களோ 23. பத்து எண் எழுதுகிறவருக்கு நாலு குலுக்கலில் மூன்றில் எங்காவது ஓர் 'ஒண்ணுல போச்சு' கட்டாயம் கிடைக்கும் அளவுக்கு வாய்ப்பு இருக்கிறது. அது தெய்வத்தின் சிக்னல் இல்லை. பத்து சீட்டு வாங்கினால் கூடவே வரும் இலவச இணைப்பு.

"ரொம்ப நாளா வராத நம்பர், இப்ப வந்துதான் ஆகணும்" என்பது இன்னொன்று. 1913 ஆகஸ்ட் 18-ஆம் தேதி மொண்டே கார்லோ சூதாட்டக் கூடத்தில், சுழல் சக்கரத்தில் தொடர்ந்து 26 தடவை கறுப்பே விழுந்தது. "இனிமேல் சிவப்புத்தான்" என்று நம்பியவர்கள் ஒவ்வொரு சுற்றிலும் பணத்தைக் கொட்டித் தோற்றார்கள். சக்கரத்துக்கும் பந்துக்கும் ஞாபகசக்தி கிடையாது. நமக்குத்தான் அது அளவுக்கு மேல் இருக்கிறது.

நளன் கற்றுக்கொண்டது

நம் இதிகாசம் இதைத் தொடாமல் விடவில்லை. மகாபாரதத்தில் வன பருவத்தில் நளன் கதை வருகிறது. சூதில் நாட்டை இழந்து, பாகுகன் என்ற பெயரில் அயோத்தி மன்னன் இருதுபர்ணனுக்குத் தேரோட்டுகிறான். வழியில் ஒரு தான்றி மரம். தேரில் இருந்தபடியே பார்த்து, இரண்டு கிளைகளில் 2,095 காய்கள் என்கிறான் மன்னன். நளன் நம்பவில்லை. தேரை நிறுத்தி, மரத்தை வெட்டி எண்ணிப் பார்க்கிறான். சரியாக இருக்கிறது! அந்த எண்ணும் வித்தையையும் சூதின் ரகசியத்தையும் மன்னனிடம் கற்றதும், அவனைப் பிடித்திருந்த கலி உடம்பை விட்டு வெளியேறுகிறான். பழங்காலத்தில் சூதாடியதே தான்றிக் காய்களை வைத்துத்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பாஸ்கலும் பெர்மாவும் சூதாட்டக் கணக்கைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டது 1654-இல். நிகழ்தகவு அங்கே பிறந்ததாகத்தான் பாடப்புத்தகம் சொல்லும். ஆனால் அந்த வரலாற்றை எழுதிய கனடா தத்துவ அறிஞர் இயான் ஹேக்கிங், 1975-இல் வந்த தன் நூலில் இந்த நளன் கதையை எடுத்துப் பேசுகிறார். எனக்கு இதில் பிடித்தது ஒன்றுதான்: கலியை விரட்டியது மந்திரத் தாயத்து இல்லை, எண்ணத் தெரிந்தது.

இதையும் தாத்தாவிடம் சொன்னேன். விடுவாரா? "நளன் திரும்பவும் ஆடி ஜெயிச்சு நாட்டை மீட்டான்ல?" என்றார். பதில் சொல்ல எனக்கு ஒரு நாள் ஆனது. "தாத்தா, அது எதிராளியோடு ஆடும் ஆட்டம், வித்தை தெரிஞ்சவன் ஜெயிப்பான். இங்க எதிரில் ஆளே இல்ல. உருண்டைதான் இருக்கு. அதுகிட்ட எந்த வித்தையும் பலிக்காது."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "கணக்கு சரிதான்டா. ஆனா துறைமுகத்துல மூட்டை தூக்குன காலத்துலேர்ந்து, புதன்கிழமைன்னா மனசுல ஒண்ணு இருக்கும். அத நிறுத்திட்டா புதன்கிழமைக்கு என்னடா பண்றது?"

இதற்கு எந்தச் சூத்திரத்திலும் விடை இல்லை. ஆகவே ஓர் ஒப்பந்தம் போட்டோம். பத்து எண்ணுக்குப் பதில் இரண்டு எண். மீதி எட்டு வெள்ளி குலுக்கல்தோறும் தங்கச்சி பெயரில் ஓர் உண்டியலுக்கு. வருஷத்துக்கு 1,248 வெள்ளி. இதுவரை இரண்டு தடவை ஏமாற்றி மூன்று எண் எழுதியிருக்கிறார். அதையும் அவரே புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார், புதிதாகக் கோடு போட்ட செலவுப் பக்கத்தில்.

வீட்டுப்பாடம்

1. ஒரு பத்து காசை 50 தடவை சுண்டுங்கள். தொடர்ந்து ஒரே பக்கம் அதிகபட்சம் எத்தனை தடவை விழுந்தது? சுண்டுவதற்கு முன்பே உங்கள் ஊகத்தை எழுதி வையுங்கள்.

2. 4477-க்கு இலக்கங்களை இடம் மாற்றினால் எத்தனை எண் கிடைக்கும்? 4447-க்கு? (24 என்று சொன்னால் தப்பு.)

3. வீட்டில் நம்பர் எழுதுகிறவர் இருந்தால், சண்டை போடாமல், ஒரு 555 புத்தகம் வாங்கிக் கொடுங்கள். நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் வந்தது, வலது பக்கம் போனது. மூன்று மாதம் கழித்து அவரையே கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

விடைகளோடு அடுத்த ஞாயிறு வகுப்பில் சந்திப்போம். லாரி வந்தால் ஒதுங்கிப் போங்கள். நம்பரைப் பார்க்க நிற்காதீர்கள்.